ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சைத் தேடும் மூவர்: அந்த மரம் இன்னும் உயிரோடு இருக்குமா?

அஸ்தம்பட்டி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டுத் தோட்டங்களையும் பழமரங்களையும் நன்கு அறிந்தவர்கள் இந்தக் களத்தில் இருப்பதால் இங்கே கேட்கிறேன். என் கேள்வி ஒரு மரத்தைப் பற்றியது. ஆனால் அந்த மரம் எங்கள் வீட்டுக்குள் எப்படிப் புகுந்தது என்பதைச் சொன்னால்தான் நான் எதற்காக இவ்வளவு கவலையோடு கேட்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

என் கணவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஐந்து மணிக்கு எழுந்து மூக்கனேரிக் கரைவரை நடந்துவிட்டு வருவார். ஆறரைக்குக் காப்பி, ஏழேகாலுக்கு வானொலிச் செய்தி, எட்டரைக்குச் சிற்றுண்டி. திங்கட்கிழமை என்றால் இட்லி, செவ்வாய்க்கிழமை என்றால் தோசை. அது மாறி நான் பார்த்ததில்லை. இரவில் அன்றைய செலவுக் கணக்கை நோட்டில் எழுதி, ஐந்து ரூபாய் இடித்தாலும் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடித்த பிறகுதான் படுப்பார். கடன் இல்லை, நோய் இல்லை, பிள்ளைகள் வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கைதான். ஆனாலும் சில மாலைகளில் எங்கள் இருவருக்கும் இடையே பேச எதுவுமே மிச்சமில்லாமல், தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

போன பொங்கல் கழிந்து சில நாட்களில் அவருடைய பள்ளித் தோழர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். மற்றவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூவரும் 1973இல் எஸ்.எஸ்.எல்.சி. ஒன்றாகப் படித்தவர்கள். சின்னக்கடை வீதியில் வாங்கி வந்த நாகபுரி ஆரஞ்சை உரித்துத் தட்டில் வைத்தேன். பட்டறைக்காரர் ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு, "நாம் பள்ளிச் சுற்றுலாவில் ஏற்காட்டில் தின்றோமே, அதுவல்லவா ஆரஞ்சு" என்றார். மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அதோடு ஒற்றுமை முடிந்தது. மரம் ஏரிக்கு மேலே ஒரு பங்களாவின் வாசலில் நின்றது என்றார் தலைமையாசிரியர். நாகலூர் போகும் வழியில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் நின்றது என்றார் பட்டறைக்காரர். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையில் கிணற்றை ஒட்டி நின்றது என்று என் கணவர், அவ்வளவு உரத்த குரலில் பேசி நான் பல ஆண்டுகளாகக் கேட்காத அந்த மனிதர், எழுந்து நின்று சொன்னார். மேசைமீது கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு வரைபடம் போட்டார்கள். மூன்றிலும் ஏரி வெவ்வேறு இடத்தில் இருந்தது. ஒன்றில் அது மலையுச்சிக்கே போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மணிக்கணக்கு இல்லை. விடிவதற்கு முன்பே மூவரும் ஒரு மொபெட்டிலும் ஒரு பழைய ஸ்கூட்டரிலும் மலையேறிவிடுகிறார்கள். தலைமையாசிரியருக்கு மூட்டுவலி என்பதால் ஒரு மடக்கு நாற்காலி கூடவே போகிறது. பழத்தை நிறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் வெள்ளி நிறுக்கும் தராசைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறார். என் கணவர் செலவுக் கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து மரக்கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒரு தோட்டத்தில் இவர்களை நிலத் தரகர்கள் என்று நினைத்துக் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் காப்பித் தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு ஒன்று வந்து நிற்க, அது தானாக விலகிப் போகும்வரை மூவரும் ஒரு சிறுபாலத்தின் சுவர்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். அதுவும் தேதியோடு நோட்டில் பதிவாகியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் குரங்கு பையைப் பறித்துக்கொண்டு போய், உள்ளே இருந்த பழங்களில் இரண்டைத் தின்று ஒன்றைக் கடித்துத் துப்பியதாம். துப்பிய பழம் நிச்சயமாக நம்முடையது அல்ல என்று முடிவு செய்து அதை நோட்டில் அடித்துவிட்டார்கள்.

சென்ற வாரம் எங்கள் கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. வெவ்வேறு இடங்களில் வாங்கிய ஆரஞ்சுகளைத் தட்டில் வரிசையாக வைத்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தின்றார்கள். புளிப்பு, தோலின் மணம், சுளை பிரியும் விதம், கொட்டை என்று என் கணவர் கட்டம் கட்டி மதிப்பெண் போட்டார். நடுவில் பட்டறைக்காரர் ஒரு தோலை இரண்டு விரலால் மடித்துப் பிழிந்தார். எண்ணெய் தெறித்து மணம் கூடம் முழுவதும் பரவியதும் அவர் கண்கட்டை அவிழ்க்காமலேயே, "இது இல்லை, ஆனால் இதற்குச் சொந்தம்" என்றார். மூவரும் சற்று நேரம் பேசவில்லை.

என் கணவர் இப்போது இரவில் என்னிடம் நிறையப் பேசுகிறார். செவ்வாய்க்கிழமை உப்புமா செய்து வைத்தேன். கவனிக்காமலேயே சாப்பிட்டு எழுந்தார். எனக்கு மகிழ்ச்சியும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என் கேள்விகள் இவைதாம்: 1973இல் காய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆரஞ்சு மரம் இன்றும் இருக்க வாய்ப்புண்டா? இருந்தால் எங்கே, யாரிடம் கேட்டுத் தேடுவது முறை? கிடைத்தால் ஒரு கிளையை வெட்டி வந்து எங்கள் வீட்டில் ஒட்டுக் கட்டலாம் என்று திட்டமிடுகிறார்கள், அது நடக்குமா? தயவுசெய்து இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

நாகலூர்ப் பக்கத்துக்காரர்:

அம்மா, வணக்கம். காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த மூவருக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள்: மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ஆரஞ்சு இங்கே தனித்தோப்பாக மட்டும் இருந்ததில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஊடுபயிராக, நிழலுக்கும் வருமானத்துக்குமாகப் பரவலாக நின்றது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்த காலத்திலிருந்தே, காப்பியோடு பழமரம் வைப்பது இந்த மலையின் பழக்கமாகிவிட்டது. சுற்றுலா வண்டி ஏரியில் நின்றிருக்கும், வட்டச் சாலையைச் சுற்றி வரும்போது நாகலூரில் நின்றிருக்கும், சேர்வராயன் கோயிலிலும் நின்றிருக்கும். அந்தச் சாலை ஏறத்தாழ 32 கிலோமீட்டர்; நின்ற இடத்திலெல்லாம் பையன்கள் பழம் பறித்திருப்பார்கள். ஆளுக்கொரு மரம் நினைவில் தங்கியிருக்கிறது. ஆகவே ஒரே மரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, மூன்று இடங்களையும் தனித்தனியாகத் தேடச் சொல்லுங்கள்.

ஆனால் பெரிய தோட்டங்களின் நடுவே தேடுவதில் பயன் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே தோட்டத்து ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. காய்ந்ததை வெட்டிவிட்டுச் சவுக்கு மரத்தில் மிளகுக் கொடி ஏற்றினார்கள். நாங்கள் சவுக்கு என்று சொல்வது சமவெளிச் சவுக்கை அல்ல, சில்வர் ஓக் மரத்தை. மிளகில் வருமானம் வந்த பிறகு ஆரஞ்சைத் திரும்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தோட்டக் கணக்கில் இல்லாத மரங்கள்தாம் பிழைத்திருக்கின்றன. லைன் வீடுகளின் பின்புறத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடம், பழைய பங்களாக்களின் சமையலறைப் பக்கம், மலைக்கிராமங்களில் வீட்டு முற்றம், கோயிலை ஒட்டிய கொல்லை. அங்கே யாரோ தின்று துப்பிய கொட்டையில் முளைத்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. உரமும் இல்லை, மருந்தும் இல்லை, கழுவு தண்ணீரில் வளர்ந்தவை.

கேட்க வேண்டியவர்கள் மேலாளர்கள் அல்லர். காப்பிப் பழம் எடுக்கும் வயதான பெண்களைக் கேளுங்கள். எந்த வரிசையில் எந்த மரம் எப்போது காய்த்தது, எது பட்டுப்போயிற்று, எதன் பழம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பழம் எடுப்பு கார்த்திகை வாக்கில் தொடங்கித் தை மாதம் வரை நடக்கும். மலை ஆரஞ்சு பழுக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். இப்போது கோடையில் போய் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த நேரத்தில் போனால் மரமும் பழமும் ஆளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். திடீரென்று போய் வேலிக்குள் எட்டிப் பார்த்தால் காவலாளி துரத்தத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. மிளகு களவு போகிற இடம் அது. முன்கூட்டியே தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். மலைக்கிராமம் என்றால் ஊர்ப் பெரியவரைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. வீட்டு முற்றத்து மரத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது, இலையைக்கூடக் கிள்ளக் கூடாது.

காட்டுமாடு விஷயத்தில் அவர்கள் செய்தது மிகச் சரி. அதிகாலையிலும் அந்தியிலும் அது தோட்டப் பாதையில் நிற்கும். சத்தம் போடாமல், குறுக்கே போகாமல், உயரமான இடத்தில் நின்று வழிவிட வேண்டும். விடிவதற்கு முன்பே மலையேறுவதை மட்டும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி வாசகர்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய மூவர், இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில், இரு சக்கர வண்டியில், மடக்கு நாற்காலியையும் தராசையும் கட்டிக்கொண்டு, இருட்டில் ஏறுகிறார்கள். இதைக் கேட்டு மகிழ்வதற்கு என்ன இருக்கிறது? மழைக்காலத்தில் அந்தச் சாலையில் கல் உருண்டு விழுவதை நாங்கள் அடிவாரத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வார விடுமுறையில் மேலே போகும் வண்டிகளின் வேகமும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயதில் தின்ற பழத்தின் சுவை பழத்தில் மட்டும் இருந்ததல்ல. அன்று காலையில் எழுந்து சோற்று மூட்டையோடு மலையேறிய பசியும் அதில் உண்டு. அதே மரத்தின் பழத்தையே கொண்டுவந்து வைத்தாலும் அவர்கள் மூவரும் இது இல்லை என்றுதான் சொல்வார்கள். கிடைக்கவே முடியாத ஒன்றுக்காக நிம்மதியான ஒரு வீட்டைக் குலைக்க வேண்டாம். அன்போடுதான் சொல்கிறேன், உங்கள் கணவரை வீட்டுத் தோட்டம், நூலகம் என்று வேறு எதிலாவது திருப்பிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி:

நாகலூர் ஐயா எழுதியதை மூவருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று பேரும் சரி என்ற இடத்தில் பெரிய அமைதி நிலவியது. பிறகு தலைமையாசிரியர், தம்முடைய மரம் கொஞ்சம் கூடுதலாகச் சரி என்றார். கடிதம் எழுதும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். இப்போது மூன்றாம் வரைவு நடக்கிறது.

கன்னங்குறிச்சி சகோதரருக்கு: சாலையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். இனிப் பேருந்தில்தான் போக வேண்டும், விடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முனகினார்கள், ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேறு எதிலாவது திருப்பிவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து நூலகம், யோகாசனம், மாடித் தோட்டம் எல்லாவற்றையும் நானே வற்புறுத்திப் பார்த்திருக்கிறேன். சொன்னதற்காகப் போனார், பிறகு விட்டுவிட்டார். இது ஒன்றுதான் அவராக எழுந்து போனது. நிம்மதியான வீடு என்கிறீர்கள். அந்த நிம்மதியில் நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தோட்டக்கலை ஆசிரியை:

இந்தத் தொடரைத் தாமதமாகப் பார்த்தேன். உங்கள் கேள்விகளில் ஒட்டுக் கட்டும் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டத்தால் கேடு வரக்கூடும். தயவுசெய்து கிளையை வெட்டி வர வேண்டாம்.

நாகலூர் ஐயா, நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறாரே, தென்னிந்திய மலைகளில் கமலா ஆரஞ்சு அழிந்ததற்கு இப்படிப்பட்ட நலிவுதான் காரணம். அதற்குப் பின்னால் பல காரணங்கள் சேர்ந்தே இருக்கின்றன: வேரழுகல், நூற்புழு, துத்தநாகம் போன்ற சத்துகளின் குறைபாடு, வைரஸ் நோய்கள். அவற்றில் மிகக் கொடியது பசுமை நோய். அது ஒரு பாக்டீரியாவால் வருவது. கண்ணுக்கு எளிதில் படாத சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. இந்த நோய் ஒட்டுக் கிளை வழியாகவும் பரவும். நோயுள்ள தாய்மரத்தில் இருந்து ஒரு மொட்டை எடுத்து வந்து உங்கள் வீட்டுக் கன்றில் ஒட்டினால், சுவையோடு நோயும் கூடவே வந்துவிடும். அக்கம்பக்கத்து எலுமிச்சை மரத்துக்கும் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? கொட்டையை எடுங்கள். இந்த இடத்தில்தான் இயற்கை உங்கள் மூவருக்கும் பெரிய உதவி செய்து வைத்திருக்கிறது. மல்கோவா மாம்பழக் கொட்டையைப் போட்டால் முளைப்பது மல்கோவாவாக இருக்கும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் மாவில் ஒட்டுக்கன்று வாங்குகிறோம். கமலா ஆரஞ்சு அப்படியல்ல. அதன் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை தாய்மரத்தின் சொந்தத் திசுவிலிருந்தே உருவானவை. ஒரு விதையை நட்டால் இரண்டு மூன்று கன்றுகள் ஒன்றாக எழும்பும். அவற்றில் ஒன்றுபோலவும் திடமாகவும் வளர்பவை பெரும்பாலும் தாய்மரத்தின் அச்சுப் பிரதிகள். மெலிந்ததும் மாறுபட்டதும் பெரும்பாலும் கலப்பில் வந்தது, அதைக் களைந்துவிடலாம். அத்துடன், மரத்தில் உள்ள வைரஸ் நோய்களில் பெரும்பாலானவை இந்த விதைக்கன்றுகளுக்கு வருவதில்லை. பசுமை நோயும் விதை வழியாகப் பரவுவதாகக் கொள்ளப்படுவதில்லை.

இதனால் உங்கள் முதல் கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. 1973இல் காய்த்த மரமே இன்று நிற்பது அரிது. விதையில் முளைத்த மரம் நோயில்லாவிட்டால் பல பத்தாண்டுகள் வாழும் என்றாலும், அந்த மலையில் நோய் இல்லாத இடம் குறைவு. ஆனால் லைன் வீட்டுக் கழுநீரில் யாரோ துப்பிய கொட்டையில் முளைத்த மரம், அந்தப் பழைய மரத்தின் பிள்ளை என்று சொல்வதைவிட அந்த மரமே என்று சொல்வது பொருந்தும். ஆகவே கன்னங்குறிச்சி வாசகர் கிடைக்கவே முடியாது என்று எழுதியதை நான் மறுக்கிறேன். பசியைத் திரும்பக் கொண்டுவர முடியாதுதான். அந்தத் தோலின் மணத்தைக் கொண்டுவர முடியும். பட்டறை வைத்திருந்த ஐயா கண்ணைக் கட்டிக்கொண்டு தோலைப் பிழிந்து முகர்ந்தாரே, வகையை அடையாளம் காண அதைவிடச் சிறந்த முறையை நானும் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளின் மணம்தான் ஒவ்வொரு வகைக்கும் தனித்துவமானது.

உங்கள் கணவரின் நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த மரம், எந்த இடம், எவ்வளவு உயரத்தில், எந்த மாதத்தில் பழம், என்ன எடை, எத்தனை சுளை, எத்தனை கொட்டை, யார் சொன்னார்கள் என்று ஒருவர் விடாமல் எழுதிவைத்தால், அது அந்த மலையின் பழைய ஆரஞ்சுகளைப் பற்றிய ஒரு நல்ல ஆவணம். பயிற்சி பெற்ற மாணவர்களிடம்கூட நான் மன்றாடிக் கேட்கும் ஒழுங்கு, ஐந்து ரூபாய்க்காகத் தூங்காமல் இருந்த ஒரு காசாளரிடம் இயல்பாகவே இருக்கிறது. வெள்ளித் தராசையும் கேலியாக நினைக்காதீர்கள். கொட்டையின் எடையைக்கூட அதில் பதிவு செய்யலாம்.

ஒரு மரத்தைக் கண்டதும் முதலில் இலையைப் பாருங்கள். அனுமதி கேட்டு, இலையைக் கிள்ளாமலேயே கீழிருந்து அண்ணாந்து, வெயிலுக்கு எதிராகப் பாருங்கள். நடு நரம்புக்கு இருபுறமும் ஒரே மாதிரியாக மஞ்சள் ஓடியிருந்தால் அது சத்துக் குறைபாடாக இருக்கலாம். ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, இரண்டு பாதியும் பொருந்தாமல் இருந்தால் பசுமை நோயைச் சந்தேகிக்க வேண்டும். பழம் ஒரு பக்கமாகக் கோணியும், அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவும், கசப்பாகவும், கொட்டை சுருங்கியும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். அந்த மரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

நல்ல பழம் கிடைத்தால் கொட்டையைக் காயவிடக் கூடாது. ஆரஞ்சுக் கொட்டை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்து, அன்றோ மறுநாளோ மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். விதைக்கன்றில் முள் நிறைய இருக்கும், காய்க்க ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். அது இவர்கள் வயதுக்கு நீண்ட காலம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

ஒரே ஒரு வருத்தமான செய்தி: அதை அஸ்தம்பட்டியில் வைத்து வளர்ப்பதில் பெரிய பயன் இருக்காது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியது. தோல் செம்மஞ்சளாக மாறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். கீழே மரம் வளரும், காய்க்கவும் கூடும், பழம் பச்சையாகவே நின்று சுவையும் தட்டையாகிவிடும். மலையிலேயே ஓர் இடம் பாருங்கள். ஏற்காட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒரு முறை பேசுங்கள்.

நாகலூர்ப் பக்கத்துக்காரர்:

ஆசிரியை அம்மா சொன்ன பிறகு எனக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. இடத்தைப் பொதுவில் எழுதுவது அந்த வீட்டாருக்குத் தொந்தரவாகிவிடும் என்பதால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கழுநீர் ஓடும் இடத்தில் ஓர் ஆரஞ்சு நிற்கிறது. இலை நன்றாகவே இருப்பதாகத்தான் எனக்கு நினைவு. அந்த வீட்டுப் பாட்டி பழத்தை விற்பதில்லை, கேட்டு வருகிறவர்களுக்கு மடியில் அள்ளிப் போடுவார். வெறுங்கையோடு போக வேண்டாம். சேலத்திலிருந்து தட்டுவடை வாங்கிப் போனால் மகிழ்வார்.

கன்று வளர்க்க இடம் வேண்டும் என்றால் என் வீட்டுப் பின்புறத்தில் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. காட்டுமாடு வரும், வேலி போட வேண்டும். அந்தச் செலவை உங்கள் வீட்டுக்காரர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

கன்னங்குறிச்சி வாசகர்:

பேருந்தில்தான் போகிறார்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. விதையிலிருந்து அதே மரம் வரும் என்பது எனக்குப் புதிய செய்தி. என் கருத்தில் பாதியை விட்டுவிடுகிறேன். அந்தச் சுவையை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற மற்றப் பாதியில் இன்னும் நிற்கிறேன். ஒப்புக்கொண்டால் இங்கே எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி:

மூவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே திருத்தம் சொல்கிறார்கள். நாகலூர் ஐயாவின் நிலத்தில் கன்று வைக்க முழுச் சம்மதம். வேலிச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஐயாவுக்கு எங்கள் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கார்த்திகை வரை காத்திருப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை மலையில் வேறு எங்கெல்லாம் வீட்டு முற்றத்து மரங்கள் இருக்கின்றன என்று கேட்டு எழுதி வைப்பதாகத் திட்டம். மஞ்சக்குட்டை, செம்மநத்தம், கொட்டச்சேடு பக்கத்தில் யாருக்காவது பழைய கமலா ஆரஞ்சு மரம் தெரிந்திருந்தால், இடத்தைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எந்த மாதம் பழுக்கிறது, பழத்தில் கொட்டை எத்தனை, தோல் எளிதாக உரிகிறதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் என் கணவருக்குக் கட்டத்தில் நிரப்ப வசதியாக இருக்கும்.

தட்டுவடை எந்தக் கடையில் வாங்குவது என்பதில் இப்போது மூவருக்கும் இடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டிருக்கிறது. நாளைக் காலையில் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யப் போகிறார்களாம். இந்த முறை நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறேன்.